குத்திவைத்த பக்கம் நகரலாமா? – பிரவுசர் டேப்களின் கதை

வில்லியனூரில் 1998-ல் ஒரு தகவல் மையம் வேலையைத் தொடங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியோடு நடத்திய 'தகவல் கிராமம்' திட்டத்துக்கு அதுதான் தலைமை மையம். இணையம் டெலிபோன் லைன் வழியாக வில்லியனூர் வரைக்கும் வரும். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களின் மையங்களுக்கு வயர்லெஸ் மூலம் தகவல் போகும். எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் சமாளிக்க சூரிய மின்சாரமும் உண்டு.

இந்தத் திட்டத்தில் பலரும் வியந்து பேசியது வீராம்பட்டினம் பற்றித்தான். வங்கக்கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற விவரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு அந்த ஒரு வலைப்பக்கம் உதவியது.

அதாவது, அன்றாடம் தேவைப்படும் ஒரு பக்கம். அது கண் முன்னாலேயே இருக்க வேண்டும். காணாமல் போகக் கூடாது. இன்றைக்கு இதைத்தான் 'பின்டு டேப்' என்கிறார்கள். சுவரில் காகிதத்தைக் குண்டூசியால் குத்திவைப்பது போல, பிரவுசரில் ஒரு பக்கத்தைக் குத்திவைப்பது. ஆனால் 1998-ல் அப்படி ஒரு வசதி கிடையாது.

அன்றைய நிலைமை

அப்போது பரவலாக இருந்தவை நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும். இரண்டிலுமே ஒரு சன்னலுக்கு ஒரு பக்கம்தான். பக்கத்தில் உள்ள சுட்டியைச் சொடுக்கினால் பழைய பக்கம் போய்ப் புதியது வந்துவிடும். திரும்பி வர பேக் பட்டனை அழுத்த வேண்டும். டயல்-அப் இணைப்பில் அந்தப் பக்கம் மறுபடி இறங்குவதற்குள் லைன் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். டெலிபோன் மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடும். புதிய சன்னலில் திறக்கலாம்தான். ஆனால் பத்து சன்னல் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

டேப் வந்த கதை

இதற்குத் தீர்வு முன்பே பிறந்திருந்தது. 1994-ல் புக்லிங்க் நிறுவனத்தின் 'இன்டர்நெட்வொர்க்ஸ்' பிரவுசரிலேயே டேப் இருந்தது. அந்த நிறுவனத்தை ஏஓஎல் வாங்கியபின் அந்தப் பிரவுசர் மறக்கப்பட்டது. பிறகு நெட்கேப்டர், ஓபரா போன்றவை ஒரே சன்னலுக்குள் பல பக்கங்களைத் திறக்கும் வசதியைக் கொடுத்தன. 2001-ல் மொசில்லாவுக்கு டேப் வந்தது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானபோது பலரும் அதற்கு மாறியதற்கு டேப்களும் ஒரு காரணம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் டேப் கிடைக்க 2006-ல் ஏழாம் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகம் பேர் பயன்படுத்திய பிரவுசருக்குக் கடைசியில் வந்தது!

டேப் வந்ததும் இன்னொரு தொல்லை. இருபது முப்பது டேப் திறந்திருக்கும்போது முக்கியமான ஒன்றைத் தெரியாமல் மூடிவிடுவார்கள். அதற்காகத்தான் குத்திவைக்கும் வசதி வந்தது. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-ல் இதற்கு 'ஆப் டேப்' என்று பெயர். இடது ஓரத்தில் சின்னதாக, வெறும் ஐகானாக உட்கார்ந்திருக்கும். மூடும் பட்டன் இருக்காது.

சுட்டியைச் சொடுக்கினால் என்ன ஆக வேண்டும்?

உண்மையான சிக்கல் இங்கேதான். மின்னஞ்சலைக் குத்திவைத்திருக்கிறார் ஒருவர். கடிதத்துக்குள் ஒரு செய்தித்தளத்தின் சுட்டி. சொடுக்கினால் குத்திவைத்த இடத்திலேயே செய்தி திறந்தால்? ஐகான் மாறிவிடும், மின்னஞ்சல் போய்விடும். குத்திவைத்ததற்கே அர்த்தம் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு எளிமையான விதி ஒன்றை வைத்தது. சுட்டி அதே தளத்துக்குள் போனால் அதே டேப்பில் திறக்கும். வேறு தளத்துக்குப் போனால் புதிய டேப்பில் திறக்கும். தளத்தின் பெயருக்கு முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தளம்தான். 2015-ல் சஃபாரியிலும் குத்திவைக்கும் வசதி வந்தபோது வெளித்தளச் சுட்டிகள் புதிய டேப்பில்தான் திறந்தன. 2023-ல் பொதுமக்களுக்கு வந்த ஆர்க் பிரவுசர் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிச்சுட்டியை ஒரு சின்ன மிதக்கும் சன்னலில் காட்டியது. பார்த்து முடித்து மூடினால் பழைய பக்கம் அப்படியே இருக்கும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கடையில் பேரேடு எப்போதும் மேசைமேல் இருக்கும். பற்றுச்சீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் சீட்டை எடுத்துப் பேரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பேரேட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அந்த இடத்தில் சீட்டை வைக்க மாட்டார்கள். அதே சமயம் பேரேட்டுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பக்கம் புரட்டினால் அதற்காகப் புதுப் பேரேடு வாங்குவதும் இல்லை.

ஆனால் விதி இதோடு முடிந்துவிடவில்லை. எல்லாவற்றையும் புதிய டேப்பில் திறந்தால் பேக் பட்டன் வேலை செய்யாது, ஏனென்றால் புதிய டேப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். குறைந்த நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் டேப் கூடக்கூட வேகமும் குறையும். இன்னொரு சிக்கல், ஒரே அரசின் தளங்களாக இருந்தாலும் துறைக்குத் துறை முகவரி வேறு. மனிதருக்கு அது ஒரே அலுவலகம், பிரவுசருக்கு வெவ்வேறு தளம்.

பாகூரில் ஒரு ஆன்லைன் சேவைக் கடையை நினைத்துப் பார்த்தால் போதும். சான்றிதழ் விண்ணப்பப் பக்கத்தைக் குத்திவைத்திருக்கிறார் கடைக்காரர். எதிரே ஒரு விவசாயி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். பாதி நிரப்பிய விண்ணப்பத்தில் 'வழிமுறைகளைப் பார்க்க' என்ற சுட்டியைச் சொடுக்கியதும் அந்தப் பக்கமே போய்விட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்ப வேண்டி வரலாம். போவது விவசாயியின் அரை நாள் கூலி. ஆனால் கட்டணம் செலுத்தும் கட்டம் வேறு. அது ஒரே வேலையின் தொடர்ச்சி. பணம் கட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதால் அது அதே டேப்பில் நடப்பதுதான் நல்லது.

ஆக, நியாயமான விதி இதுதான்: படிப்பதற்கான வெளிச்சுட்டி புதிய டேப்பில், வேலையின் தொடர்ச்சி அதே டேப்பில். பயனர் தானாக வேறுவிதமாகக் கேட்டால் அவர் சொன்னபடி. இன்றுவரை எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனால் முக்கியமான பக்கத்தைக் குத்திவைப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வில்லியனூர் மையம் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். கிராமத்து மக்கள் தகவலைத் தேடி ஊர் ஊராக அலையவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், தகவல் வந்து சேர்ந்தது. குத்திவைத்த டேப்புக்கும் அவ்வளவுதான் வேலை. இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.