கீழே விழாத கோழி

சமையல் நிகழ்ச்சி பார்ப்பதற்கும் சமைப்பதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது என் அம்மாவின் கட்சி. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஜூலியா சைல்டின் 'தி ஃபிரெஞ்ச் செஃப்' பழைய எபிசோடுகளை ராத்திரி ஒரு மணி வரை பார்க்கிற நான், அதில் ஒன்றைக்கூட இதுவரை செய்து பார்த்ததில்லை. பிறகு எதற்குப் பார்க்கிறாய் என்றால், அதற்குப் பதில் ஒரு வதந்தியில் இருக்கிறது.

ஜூலியாவைப் பற்றி அமெரிக்காவில் இரண்டு கதைகள் உண்டு. முழுக் கோழியைத் தரையில் போட்டுவிட்டு, எடுத்துத் துடைத்துப் பரிமாறினார் என்பது ஒன்று. வைன் குடித்துக் குடித்து, கேமரா முன்னால் தள்ளாடினார் என்பது மற்றொன்று.

அவர் பிறந்தது 1912இல், கலிஃபோர்னியாவில். ஆறடி இரண்டங்குல உயரம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவு அமைப்பின் கண்டி அலுவலகத்தில் ரகசியக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டார். ஆமாம், நம்ம பக்கத்து இலங்கையின் கண்டிதான். பால் சைல்டைச் சந்தித்தது அங்கே. சாப்பாட்டை ரசிக்கத் தெரிந்தவர் பால். ஜூலியாவுக்கோ அப்போது சமைக்கவே வராது. கல்யாணத்துக்குப் பிறகு 1948இல் பிரான்ஸ் போனார்கள். 37 வயதில்தான் பாரிஸின் 'லெ கோர்தோன் ப்ளூ' சமையல் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு தோழிகளோடு சேர்ந்து எழுதிய தடிமனான புத்தகம் 1961இல் வந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஜிபிஎச் அவரை அழைத்தது. அவர் மின் அடுப்பைக் கையோடு கொண்டுபோய் ஆம்லெட் போட்டார். இவரை இன்னும் பார்க்க வேண்டும் என்று நேயர்கள் கடிதம் எழுதினார்கள். 1963 பிப்ரவரி 11 அன்று 'தி ஃபிரெஞ்ச் செஃப்' தொடங்கியது. முதல் பதார்த்தம், சிவப்பு வைனில் வேகவைத்த மாட்டிறைச்சி.

நிலையத்திடம் காசு இல்லை. மேசையில் இருந்த 'வைன்', குழம்புக்கு நிறம் கொடுக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்தது. தள்ளாட அதில் என்ன இருக்கிறது? வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவதும் செலவு. அதனால் அரைமணி நேர நிகழ்ச்சியைக் கூடியவரை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்தார்கள். தப்பு நடந்தால் தப்போடுதான் ஒளிபரப்பாகும்.

அப்படித்தான் அந்த உருளைக்கிழங்கு எபிசோடும். சட்டி அகலத்துக்கு, நம்ம அடை மாதிரி ஒன்று. அதைச் சட்டியோடு தூக்கிச் சுண்டித் திருப்பப் பார்க்கிறார். பாதி அடுப்பு மேடையில் விழுகிறது. அவர் பதறவில்லை. திருப்பும்போது எனக்குத் துணிச்சல் போதவில்லை என்று காரணம் சொல்கிறார். விழுந்ததை எடுத்துச் சட்டியில் சேர்க்கிறார். சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

விழுந்தது இவ்வளவுதான். ஊர் வாயில் அது கோழியாகி, அடுப்பு மேடை தரையாகி, சமைத்தவர் குடிகாரியும் ஆனார். சமையலறையில் ஒரு பெண் தப்பு செய்துவிட்டு வெட்கப்படாமல் இருந்தால், அதற்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்படுகிறது போலும்.

எங்கள் வீட்டில் முதல் தோசை பெரும்பாலும் பிய்ந்துதான் வரும். அதை யாரும் தட்டில் பார்த்ததில்லை. அம்மா அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தான் சாப்பிடுவார். இருபது வருஷமாக இது எனக்குத் தெரியாது. ஜூலியா அடையை எடுத்துச் சட்டியில் போட்ட ராத்திரிதான் உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தோசை சுட்டேன். முதல் தோசை மூன்று துண்டு. அதை என் தட்டில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். "கல்லு காயவே இல்லடா, அதுக்குள்ள ஏன் ஊத்தின?" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்.