மருந்துக் கடையும் தாய்ப்பாலும்

கொட்டாம்பட்டி மருந்துக் கடை ஒன்றில் பால்மாவு டப்பா இருந்தால், அதை வாங்கிப் பாருங்கள். தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு இருக்கும். கொழுகொழு குழந்தையின் படம் இராது. ஏன் தெரியுமா?

1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். டப்பாப் பாலை நம்பிய வீடுகளில் சிசுக்கள் மடிவதை அவர் கண்டிருந்தார். காரணம் எளியது. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் சுரந்து பாலைப் பெருக்குகிறது. புட்டி புகுந்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். பிறகு டப்பாவே கதி. விலைக்கு அஞ்சி மாவைக் குறைத்து, அசுத்த நீரில் கரைத்தால் பேதியும் ஊட்டக்குறைவும் வரும்.

1981-இல் உலக சுகாதாரப் பேரவை பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது; எதிர்த்த நாடு அமெரிக்கா ஒன்றே. ஆயினும் அந்நெறிமுறை மருந்துக் கடையைச் சுகாதார அமைப்பில் சேர்க்கவில்லை. விற்பனை நிலையமாகவே கருதியது. 1992-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் அவ்வாறே விலக்கியது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தமே அதை உள்ளே கொண்டுவந்தது. ஆகவே, இன்று அங்கே பால்மாவு விளம்பரத் தட்டி வைப்பது சட்டவிரோதம்.

சட்டம் தட்டியைத்தான் அகற்றும். நல்ல சொல்லை மருந்தாளுநரே தரவேண்டும். "பால் பற்றவில்லை" என்று வரும் தாய்க்கு, "அடிக்கடி சப்பக் கொடுங்கள், கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்" எனலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கேட்பவருக்கு, அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம் என்று விளக்கலாம். நீங்களும் கேளுங்கள்!