பவுலுக்கு வீடு கொடுத்த தம்பதியர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



சூலை 8-ஆம் நாள் திருஅவை இரு புனிதர்களை நினைவுகூருகிறது. அவர்கள் பெயரில் நம் பக்கத்தில் கெபி இல்லை, தேர் இல்லை, கொடியேற்றமும் இல்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பவர்களும் குறைவு. அவர்கள் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். கணவன், மனைவி. அவர்களைப் பற்றி இந்த வாரம் பேச வேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்குக் காரணம், தொப்பம்பட்டியில் ஒருநாள் மாலை செபமாலை முடிந்தபின் நம்மைத் தேடி வந்த இன்னொரு கணவனும் மனைவியும்தான்.

அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 66. அவர் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வயது 63. ஊரில் 'நர்ஸம்மா' என்றால்தான் தெரியும். இருவரும் வந்து உட்கார்ந்து, சற்று நேரம் மழையைப் பற்றியும் முருங்கைக்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு அவர் சொன்னார்: "சாமி, நாங்க ரெண்டு வருசம் ஆப்பிரிக்காவுக்கு மறைப்பணிக்குப் போகலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?" தான்சானியாவில் நம் தமிழ்நாட்டுக் குருவானவர் ஒருவர் இருக்கும் பங்கு அது. சிறிய பள்ளிக்கூடம் ஒன்று, மருந்தகம் ஒன்று. வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது.

உள்ளபடியே சொல்லிவிடுகிறோம். நமக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி அல்ல. பங்குக் கணக்கு எழுதுபவர் அவர். பாடகர் குழுவும் ஆர்மோனியமும் அந்த அம்மாவின் பொறுப்பு. இரண்டும் ஒரே நாளில் கைவிட்டுப் போகுமே என்ற கவலைதான் முதலில் எழுந்தது. அதை மறைத்துக்கொண்டு, "இந்த வயசுல அங்க போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டோம். நர்ஸம்மா பதில் சொன்னார்: "இங்க என்ன செய்றோமோ அதத்தான் சாமி."

அந்தப் பதில் நம்மை நேராகத் திருத்தூதர் பணிகள் நூலின் 18-ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

அக்கிலா கருங்கடலின் தென்கரையிலுள்ள போந்து பகுதியில் பிறந்தவர், யூதர். மனைவியோடு உரோமையில் பிழைத்துக்கொண்டிருந்தார். பேரரசர் கிளாதியு யூதர்களை உரோமையை விட்டு வெளியேற்றினார். அது ஏறக்குறைய கி.பி. 49-ஆம் ஆண்டு என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். தம்பதியர் தட்டுமுட்டுச் சாமான்களோடு கொரிந்துக்கு வந்தார்கள். மறைப்பணிக்கென்று கிளம்பியவர்கள் அல்ல, துரத்தப்பட்டு வந்தவர்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது. யாரும் அவர்களுக்குச் சிலுவை அணிவித்து வழியனுப்பவில்லை.

கொரிந்தில் அவர்கள் வீட்டுக்குப் பவுல் வருகிறார். காரணம் என்ன? இறையியல் உரையாடலா? இல்லை, அவர்களுக்கும் அவருக்கும் ஒரே தொழில் என்பதுதான். கூடாரம் செய்யும் தொழில். அந்தக் காலத்துக் கூடாரம் ஆட்டுமயிர்த் துணியிலும் செய்யப்பட்டது, தோலிலும் செய்யப்பட்டது. இவர்கள் எதில் செய்தார்கள் என்று அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. நாம் இளைஞராக இருந்தபோது, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் பட்டறைகள் இருக்கும் பக்கம் நடந்துபோகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதுண்டு. பின்னாளில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது அந்த வாடைதான் நினைவுக்கு வந்தது. தோல்தான் என்றால், கொரிந்துத் திருஅவை பிறந்த வீட்டில் சாம்பிராணி மணத்திருக்காது. அந்த வாடைதான் அடித்திருக்கும்.

அங்கே பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார். அப்போது அக்காயாவின் ஆளுநராக இருந்தவர் கல்லியோ. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று கிரேக்க நாட்டு டெல்பியில் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்ச்சிகளை 51, 52-ஆம் ஆண்டுகளை ஒட்டி வைக்க முடிகிறது. பவுலின் வாழ்க்கையில் ஆண்டுக் கணக்குக்கு நாம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல் அந்தக் கல்வெட்டுத்தான்.

பிறகு பவுல் கெங்கிரேயா துறைமுகத்திலிருந்து கப்பலேறியபோது இவர்களும் உடன் ஏறினார்கள். இந்த முறை யாரும் துரத்தவில்லை. கொரிந்தில் தொழில் ஊன்றியிருந்தது, வாடிக்கை பிடித்திருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஏஜியன் கடலைக் கடந்து எபேசுக்குப் போனார்கள். பவுல் அங்கே நிற்காமல் கிளம்பிவிட்டார், இவர்கள் தங்கிவிட்டார்கள். எபேசில் பவுல் நெடுங்காலம் பணிபுரிந்தது பின்னால்தான். அவர் திரும்பி வரும்வரை அந்த ஊரில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டது இந்த வீடு.

அந்த இடைவெளியில்தான் அப்பொல்லோ வருகிறார். அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், நாவன்மை மிக்கவர், மறைநூலைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் யோவான் கொடுத்த திருமுழுக்கு வரைதான் அவருக்குத் தெரியும். தொழுகைக்கூடத்தில் துணிவோடு பேசினார். அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மில் சிலராக இருந்தால் அங்கேயே எழுந்து குறை சொல்லியிருப்போம், அல்லது வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசியிருப்போம். இவர்கள் அவரைத் தங்களோடு அழைத்துப்போய் ஆண்டவரின் நெறியைத் திருத்தமாக விளக்கினார்கள். படித்த போதகருக்குக் கூடாரம் தைப்பவரும் அவர் மனைவியும் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். அந்த அப்பொல்லோவை நாம் மெச்ச வேண்டும். குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் படித்துவிட்டு வந்த நம்மிடம் பங்கு மக்கள் வந்து, "சாமி, நீங்க சொன்னது சரியில்ல" என்றால் நாம் எப்படிக் கேட்டுக்கொள்கிறோம் என்பது வேறு கதை.

இன்னொரு சிறு செய்தி. புதிய ஏற்பாட்டில் இவர்கள் பெயர் ஆறு இடங்களில் வருகிறது. அவற்றுள் நான்கில் மனைவியின் பெயர் முதலில் நிற்கிறது. கணவனை முன்வைத்தே எழுதிப் பழகிய காலம் அது. ஏன் இப்படி என்று நூல் சொல்லவில்லை. ஆனால் தம்பதியரை நேரில் அறிந்தவர்களுக்கு அந்தப் பெண் எப்படித் தெரிந்தார் என்பதை இது கொஞ்சம் காட்டுகிறது.

கொரிந்தியருக்கு எழுதும்போது எபேசில் இவர்கள் வீட்டில் கூடும் சபையின் வாழ்த்தைப் பவுல் அனுப்புகிறார். உரோமையருக்கு எழுதும்போது, மறுபடி உரோமையில் இருக்கும் இவர்களுக்கும் இவர்கள் வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்துச் சொல்கிறார். கிளாதியு 54-இல் இறந்தபின் திரும்பியிருக்கலாம். ஊர் மாறியது, வீடு மாறியது. எங்கே போனாலும் கதவு திறந்திருந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரைச் சேர்ந்த நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உரோமையில் அவெந்தின் குன்றின்மேல் புனித பிரிஸ்கா பெயரில் பழமையான ஆலயம் ஒன்று இருக்கிறது. இவர்கள் வீடு இருந்த இடம் அதுதான் என்பது மரபு. அந்தப் பிரிஸ்கா வேறொருவர் என்பாரும் உண்டு.

அந்த உரோமையர் மடலிலேதான் பவுல் ஒரு வார்த்தை சேர்க்கிறார்: தம் உயிரைக் காக்க இவர்கள் தங்கள் தலையையே கொடுக்கத் துணிந்தார்கள் என்று. எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று விளக்கவில்லை.

இதையெல்லாம் நாம் அந்தத் தம்பதியருக்குச் சொன்னபோது தலைமையாசிரியர் மகிழ்ச்சியாகக் கேட்டார். ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று அவரே எடுத்துக்கொடுத்தார். "அப்ப சாரம்மாவுக்கு அறுபத்தஞ்சு" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "சாமி, போன எடத்துல இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அங்க தனியா என்ன செய்வேன்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அக்கிலா கதையில் பதில் இல்லை. நம் மண்ணின் கதை ஒன்றுதான் அருகில் வருகிறது. அன்று அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை; இன்று சொல்கிறோம்.

புனித தேவசகாயத்தை எல்லாரும் அறிவோம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிபுரிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் மனைவி பார்கவி அம்மாளை எத்தனை பேர் நினைக்கிறோம்? கணவர் அழைத்தபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. உறவும் மரியாதையும் போய்விடுமே என்று தயங்கினார் என்று சொல்வார்கள். பிறகு அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்டபின் அவர் வாழ்ந்தது வடக்கன்குளத்தில். இன்று நமக்கு அது சில மணி நேரப் பேருந்துப் பயணம். அன்று அது திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் வேற்று நாடு. 1766-இல் அங்கேயே இறந்தார். இடைப்பட்ட 14 ஆண்டுகள். தலையைக் கொடுத்தவருக்குப் பீடம் இருக்கிறது. அந்தப் பதினான்கு ஆண்டுகளைக் கொடுத்தவரைப் பற்றி நம் மறையுரைகளில் எத்தனை வரி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம், வெட்கமாக இருந்தது.

இப்படிப் பெயர் மறைந்த பெண்கள் நம் வரலாற்றில் நிறைய. பழைய மதுரை மிஷனில் ஒரு குருவானவர் பல ஊர்களுக்கு. ஆண்டில் ஓரிரு முறை வந்தால் பெரிது. மற்ற நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்தது, சாகக்கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தது, அடக்கம் நடத்தியது எல்லாம் உபதேசியார். சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, புதிய மதுரை மிஷன் 1838-இல் தொடங்கும்வரை குருக்கள் மிகவும் அரிதாயிருந்த காலத்தில், நம் முன்னோர் செபத்தை மறக்காமல் இருந்ததற்கு இந்தக் குடும்பங்களே காரணம். உபதேசியார் பெயராவது அங்கங்கே கிடைக்கும். அவர் சம்சாரத்தின் பெயர் கிடைப்பது அரிது. கோவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதும், குரு வந்தால் சோறு பொங்கியதும், ஊர்ப் பெண்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்ததும் யார்?

கடல் கடந்தும் போயிருக்கிறார்கள். பிரிந்த சகோதரர்களிடமிருந்து ஒரு சான்று. 1854-இல் கண்டி மலைநாட்டில் ஆங்கிலிக்கன் சபையினர் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று தனி மிஷன் தொடங்கினார்கள். தேயிலை வருமுன், காப்பித் தோட்டங்களின் காலம் அது. அதற்கு உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனார்கள். வெள்ளைக்காரர் இங்கு வந்ததே மறைபரப்பு என்று எண்ணிப் பழகிய நமக்கு, இங்கிருந்து போனவர்களும் உண்டு என்பது தெரிய வேண்டும்.

திருஅவையின் ஏடுகள் பின்னால்தான் வந்தன. 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்புங்கள் என்று ஆயர்களைக் கேட்டபோது முக்கியமாக மறைமாவட்டக் குருக்களை நினைத்துக் கேட்டார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணியைப் பற்றிப் பேசியபோது, பவுலுக்குத் துணைநின்ற ஆண்களையும் பெண்களையும் எடுத்துக்காட்டியது. 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் மறைப்பணித் தம்பதியர் என்றே குறிப்பிட்டார்.

இனி நம் தம்பதியர். மகன் ஃபோனில் கேட்ட கேள்வி நியாயமானது: "அப்பா, உங்களுக்கு சுகர் இருக்கு. அங்க நல்ல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?" விசுவாசக் குறைவு என்று அதை யாரும் தள்ளிவிட வேண்டாம். அந்தப் பங்குக் குருவிடம் கேட்டு, தூரத்தைத் தெரிந்து மகனுக்குச் சொன்னார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குச் சென்னை கிண்டிக்குப் போனார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்கு மருத்துவர் யோசித்துத்தான் அந்த ஊசியைப் போடுவார். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைத் தூதரகம் வழியாக அனுப்பலாம் என்று விசாரித்து வைத்தார்கள். வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்குத் தகராறு வராதபடி எழுதி முடித்தார்கள். சுவாகிலி மொழி படிக்கிறார்கள். அடுப்படிச் சுவரெல்லாம் காகிதம். அந்த மொழியில் மருந்துக்குத் 'தவா' என்று பேராம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் உருது பேசும் தாய்மார்களிடம் முப்பது வருசம் கேட்ட வார்த்தைதானே என்று நர்ஸம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் நம்மிடம் வரவில்லை. அவரே ஒருநாள் திருப்பலிக்குப்பின் வந்து சொன்னார்: "சாமி, இங்கேயே இருந்தாலும் ரெண்டு பேருல ஒருத்தர் முந்தித்தான் போவோம். அங்க அப்படி ஆனா, அந்த ஊருச் சனம் என்னப் பார்த்துக்குமான்னு எழுதிக் கேட்டேன். பார்த்துக்குறோம்னு பதில் வந்துருக்கு." அந்தக் கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் அவர்களுக்குச் சிலுவை அணிவித்து அனுப்புகிறோம். எல்லாரும் வாருங்கள். கணக்கு நோட்டுகளை அவர் நம்மிடம் ஒப்படைத்துவிட்டார், பைசா பிசகவில்லை. ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் பங்கு இல்லத்தில் வந்து சொல்லவும்.