ஹாரி பாட்ச்

ஹாரி பாட்ச் (ஜூன் 17, 1898 – ஜூலை 25, 2009) முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களுள் இறுதியாக எஞ்சியிருந்த பிரித்தானியப் படைவீரர் ஆவார். இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகே பிறந்தார். குழாய் பொருத்தும் தொழில் பழகிவந்த இவர், 1916 அக்டோபரில் கட்டாய ஆள்சேர்ப்பின் மூலம் காலாட்படையில் சேர்க்கப்பட்டார். ஐவர் கொண்ட லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் பணியாற்றினார். இயன்றவரை எதிரியைக் கொல்லாமல் கால்களையே குறிவைப்பதெனக் குழுவினர் தமக்குள் உடன்பட்டிருந்ததாகப் பிற்காலத்தில் கூறினார். பாசெண்டேல் சமரில், செப்டம்பர் 22, 1917 இரவு எறிகணை வெடித்ததில் தோழர் மூவர் இறந்தனர்; இவர் காயமடைந்தார்.

போருக்குப் பின் பழைய தொழிலுக்கே திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது பாத் நகரில் பகுதிநேரத் தீயணைப்பு வீரராக இருந்தார். நூறு அகவையை எட்டிய 1998 வரை முதற்போரைப் பற்றி மனைவியிடம் கூடப் பேசியதில்லை. நாடே நவம்பர் 11 அன்று போரில் இறந்தோரை நினைவுகூர்ந்தாலும், இவருக்குச் செப்டம்பர் 22-ஆம் நாளே நினைவு நாளாக இருந்தது. வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இவரது இறுதிச் சடங்கில் செருமானியப் படைவீரர்களும் பங்கேற்றனர். ஆயுதம் எதுவும் அனுமதிக்கப்படவில்லை.