பெயரை மறைத்தலும் பெயரைத் திருடலும்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் தண்டனையாகக் கருதப்படுவது, 2004 நவம்பர் 5 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழு ஒன்றில் ஆபாசச் செய்திகள் வந்தன. அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் முகவரியும் தொடங்கப்பட்டிருந்தது. அதை நம்பிய ஆண்கள் அவருக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் புகார் அளித்தார். காவல்துறை மும்பையில் பிடித்தது முகந்தெரியாத யாரோ ஒருவனை அல்ல. அவரை மணக்க விரும்பி மறுக்கப்பட்ட குடும்ப நண்பனை. இரண்டாண்டுக் கடுங்காவல் கிடைத்தது.

இவ்வழக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: அவன் செய்தது பெயர்த்திருட்டு. பெண்கள் தங்கள் பெயரை மறைத்துக்கொள்வதை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது. புனைபெயர் இல்லையென்றால் சல்மாவின் கவிதைகள் துவரங்குறிச்சி வீட்டைத் தாண்டி வந்திருக்குமா?

சொந்தப் பெயரில் பேசினால் என்ன நேரும் என்பதை 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பார்த்தோம். பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். தோழி அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரும் கைதானார்கள். அவர்கள்மீது பாய்ந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்துசெய்தது.

அடையாளத்தைப் பதிந்த பிறகே எவரும் எழுத வேண்டும் என்ற குரல் ஒவ்வோர் இணைய வன்முறைக்குப் பின்னும் எழுகிறது. தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் அதைச் செய்தே பார்த்தது. 2011இல் அங்கே ஒரு நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. மறு ஆண்டே அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தை ஒருமனதாக நீக்கியது.

சென்னை வழக்கில் அப்படியொரு சட்டம் தேவைப்படவில்லை. புகார் வந்தபின் அந்தச் செய்திகள் எங்கிருந்து வந்தன என்று தேடினார்கள். இணைய மையம் நடத்தியவர்கள் சாட்சி சொன்னார்கள். நான் கேட்பதும் இவ்வளவுதான்: புகார் கொடுக்க வரும் பெண்ணை அலைக்கழிக்காத காவல் நிலையம், தடயங்கள் அழியுமுன் தொடங்கும் விசாரணை, யாருடைய திரையை விலக்குவது என்பதற்கு, வழக்குதோறும், நீதிபதியின் அனுமதி. வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவளின் திரையை விலக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு.