கொழுந்து காட்டிய வழி

பொல்பிட்டியவிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியே அட்டனை நோக்கி மலையேறுவோர், நிரை நிரையாகச் சாளரங்கள் அமைந்த உயர்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளைக் காண்பர். தோட்டத்து மக்கள் அவற்றை ‘ஸ்டோர்’ என்பர். அவை பல மாடிகளாக எழுந்தமைக்குக் காரணம் கொழுந்துதான்.

லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தமது பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டச் செய்து, கரியடுப்பின் மேல் உலர்த்தினார். 1872 இல் தனித் தொழிற்சாலை அமைந்தது. உருட்டும் பொறிகளும் உலர்த்தும் பொறிகளும் பின்னர்ப் பரவின. உருட்டிய இலை உரிய நேரத்தில் அடுப்பைச் சேராவிடின் சுவை கெடும். ஆதலால் மேல்மாடியில் வாட்டிய கொழுந்து நேரே கீழே உருட்டும் பொறிக்கு இறங்கியது. புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் என்பனவும் அடுத்தடுத்து நின்றன. இலை செல்லும் வழியே பொறிகளின் வரிசையாயிற்று.

உதிரி உறுப்புகளைச் செய்யும் இயந்திரசாலைகளுக்கோ இந்த வசதி இல்லை. அங்கே தண்டு, பற்சில்லு, தாங்கி என உறுப்புகள் பல, வழிகளும் பல. ஆகவே கடைசல் பொறிகளெல்லாம் ஓரிடம், துளையிடும் பொறிகளெல்லாம் வேறோரிடம் என இனம் பிரித்து நிறுத்துவதே உலகெங்கும் வழக்கமாயிருந்தது. பார்வைக்கு அழகுதான்! ஆனால் ஒரு சிறு பற்சில்லு முடிவதற்குள் சாலை முழுவதும் அலையும். செதுக்கும் நேரம் சிறிது, காத்துக் கிடக்கும் நேரமே பெரிது.

சோவியத் நாட்டு மித்ரொபானொவ், ஒத்த வேலை வேண்டும் உறுப்புகளை ஒரு குடும்பமாகக் கொள்ளும் முறையை 1959 இல் நூலாக்கினார். இங்கிலாந்தின் பர்பிட்ஜ், 1960களில், உறுப்பின் உருவத்தினும் அது செல்லும் வழியையே ஆராயச் சொன்னார். 1980 இல் கிங் அதனைக் கணக்காக்கினார். பொறிகளை நிரைகளாகவும் உறுப்புகளை நிரல்களாகவும் எழுதி, தேவையான கட்டத்தில் 1, ஏனையவற்றில் 0 இடவேண்டும். ஒவ்வொரு நிரையையும் இரண்டின் அடுக்குகளாலான எண்ணாக வாசித்துப் பெரியதை மேலே வைப்பர். நிரல்களில் பெரியதை இடப்புறம் வைப்பர். இடமாற்றம் நிற்கும்வரை இவ்வாறு செய்தால், சிதறிய 1கள் கூட்டங்கூட்டமாகச் சேரும். கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு சிறு தொழிற்கூடம். உறுப்பு அதனுள்ளேயே பிறந்து முடியும்.

எல்லா அட்டவணைகளும் இவ்வளவு இணங்குவதில்லை. ஓர் உறுப்பு அயற்கூட்டத்துப் பொறியையும் கேட்கும். அப்போது இன்னொரு பொறி வாங்கவேண்டும், அல்லது உறுப்பை அங்கே அனுப்பவேண்டும். பொறிகளை நகர்த்துவதைவிட மனிதரை மாற்றுவது கடினம். கடைசலில் மட்டும் கைதேர்ந்தவர் துளையிடலும் பழகவேண்டியதாயிற்று. புதிய திறமைக்கேற்ற கூலி என்ன என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.