சிறிய வகுப்பும் ஒரு குலுக்கலும்

அண்மையில் எங்கள் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "டீச்சர், முதலாம் ஆண்டுல எட்டுப் பேருதான் இருக்காங்க. இங்க போட்டா பையன் எப்படிப் படிப்பான்?" என்று கேட்டார். மகனை வேறு பள்ளிக்கு மாற்றும் எண்ணம் அவருக்கு.

சிறிய வகுப்புகளின் தேர்ச்சியைப் பெரிய வகுப்புகளின் தேர்ச்சியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என நினைப்போம். கிடைக்காது. பின்தங்கிய மாணவர்களைப் பிரித்தெடுத்துச் சிறு வகுப்பில் அமர்த்தும் வழக்கம் உண்டு. வசதி குன்றிய சிற்றூர்ப் பள்ளிகளிலும் பிள்ளைகள் குறைவு. எண்களை அப்படியே கூட்டி வகுத்தால், சிறிய வகுப்பே கெடுதல் என்று கணக்குச் சொல்லிவிடும்! வகுப்பின் அளவையும் குடும்பச் சூழலையும் பிரித்தறிய முடியாமல் கல்விப் பொருளியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர்.

1985-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் துணிந்து ஒரு சோதனையில் இறங்கியது. 'ஸ்டார்' எனப் பெயரிடப்பட்ட அத்திட்டத்தில் 79 பள்ளிகள் சேர்ந்தன. பிள்ளைகள் குலுக்கல் முறையில் மூவகை வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்டனர். ஒன்றில் 13 முதல் 17 பேர். மற்றொன்றில் 22 முதல் 25 பேர். மூன்றாவதில் அதே 22 முதல் 25 பேருடன் ஆசிரியருக்கு ஓர் உதவியாளர். ஆசிரியர்களுக்கும் குலுக்கல்தான். பாலர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 11,600 பிள்ளைகள் பங்குபெற்றனர். குலுக்கலுக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் தெரியாதல்லவா?

ஆனால், பெற்றோர் எங்கும் பெற்றோரே. சிலரின் முறையீட்டாலும், சில பிள்ளைகளின் குறும்பாலும், ஒரு வகுப்பு முடிந்து அடுத்ததற்குப் போகையில் பத்தில் ஒருவர் அளவில் இடம் மாறினர். பொருளியலாளர் ஆலன் குரூகர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இச்சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை பின்னர் எங்கே மாறியது என்பதை நம்பாமல், முதன்முதலில் குலுக்கலில் எந்த வகுப்பு விழுந்தது என்பதையே அவர் பிடித்துக்கொண்டார். மாற்றத்தில் பெற்றோரின் கை இருக்கலாம். முதல் குலுக்கலில் எவர் கையும் இல்லை.

சிறு வகுப்புப் பிள்ளைகளே முந்தினர். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் கூடுதலாகப் பயனடைந்தனர். உதவியாளரை அமர்த்தியதால் பெரிய பயன் ஏதும் தெரியவில்லை.

இவற்றை அத்தந்தையிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க குறைஞ்சது பதின்மூணு பேரு, டீச்சர். நம்ம கிட்ட எட்டுதானே?" என்றார். எட்டுப் பேர் வகுப்பை டென்னசி சோதித்ததில்லை. அதையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.